ஆடுதலும் ஆக்குதலும்

விளையாட்டில் விருப்பமில்லாத குழந்தையைக் காண்டல் அரிது. ஆற்று மணலிற் சிற்றில் கட்டுவதும், பனங்காய் இரண்டைக் குச்சியாற் கோத்து வண்டி உருட்டுவதும், ஓலையைக் கிழித்துக் காற்றாடி செய்வதும் நம் நாட்டுச் சிறுவர் சிறுமியர் பல தலைமுறையாகச் செய்துவந்தவை. இவ்விளையாட்டுக்கள் யாவற்றிற்கும் பொதுவாக ஒன்றுண்டு. ஆடுகிறவரே அவற்றை ஆக்குகிறவரும் ஆவர். வண்டி ஒருபக்கமாக இழுக்குமாயின், அதை உருட்டிய சிறுவனே குந்தியிருந்து குச்சியை நேராக்குவான். காற்றாடி சுழலாதாயின், அதிற் செருகிய முள்ளைச் சற்றே தளர்த்துவான். பழுது கண்டு திருத்துதல் என்னும் பெருங்கல்வி ஒருவர் சொல்லாமலே அவனுக்கு வாய்த்தது.

இக்காலத்துக் குழந்தைகளுக்கு வாய்த்த விளையாட்டோ பெரும்பாலும் கைப்பேசித் திரையில் ஓடும் வீடியோ விளையாட்டு. அதன் வண்ணமும் வேகமும் வியக்கத்தக்கனவே. ஆயினும் அது மூடிய பெட்டி போன்றது. அதனுள்ளே யாது நிகழ்கின்றது என்பதை ஆடுகின்ற குழந்தை அறியாது. அறிய வேண்டுமென்னும் எண்ணமும் அதற்கு எழுவதில்லை. இவ்விளையாட்டுக்களைப் பழித்துரைப்பது நம் கருத்தன்று. அப்பெட்டியைத் திறந்து காட்டும் வழி ஒன்றுண்டு என்பதும், குழந்தை தானே ஒரு சிறு விளையாட்டை இயற்றுவதே அவ்வழி என்பதும், கணிப்பொறிக்கு நிரல் எழுதும் வித்தையை இளைஞர் கற்பதற்கு அதனினும் இனிய வாயில் வேறில்லை என்பதும், அவ்வாயிலில் துணைநிற்கும் பெரியோர் செய்யத்தக்கதும் தகாததும் இன்னவென்பதும் இங்குச் சுருக்கமாகக் கூறப்புகுகின்றோம்.

ஆமையும் பூனையும்

நிரல் என்பது யாதெனின், கணிப்பொறி செய்யவேண்டிய காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்திற்கு இடமின்றி எழுதிவைத்த கட்டளை வரிசையாம். இதனைக் கற்பிக்கத் தொடங்குவோர் பலர், முதலிற் கட்டளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வித்து, பின்பு இலக்கணம் கூறி, ஈற்றிலேயே ஏதேனும் ஒரு காரியத்தைச் செய்யவிடுகின்றனர். நீச்சலின் இலக்கணத்தைக் கரையிலிருந்தே ஓராண்டு ஓதி, பின்பு ஆற்றில் இறக்குவாரை இது ஒக்கும்.

இம்முறையை மாற்றியமைத்தவருள் தலையாயவர் சீமோர் பாப்பர்ட் என்பார். தென்னாப்பிரிக்காவிற் பிறந்து, ஜெனீவா நகரில் குழந்தை உளநூல் வல்ல ஜான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து, பின்பு அமெரிக்கா சென்ற இவர், வாலஸ் ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் கூடி 1967-ஆம் ஆண்டில் லோகோ என்னும் நிரல் மொழியைக் குழந்தைகளுக்கென்றே வகுத்தார். அதில் ஆமை ஒன்று உண்டு. முதலில் தரையில் ஊரும் யந்திரமாகவும், பின்பு திரையில் ஒரு சிறு குறியாகவும் இருந்த அவ்வாமை, குழந்தை இட்ட கட்டளைப்படி நடந்து, நடந்த வழியே கோடு வரையும். ‘100 அடி முன்செல், 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்பதை 4 முறை செய்வித்தால் சதுரம் பிறக்கும்.

சமபக்க முக்கோணம் வரையப்புகும் குழந்தை, அதன் உட்கோணம் 60 பாகை எனப் பள்ளியிற் கற்றதை நம்பி, 60 பாகை திரும்பும்படி கட்டளை இடும். ஆமையோ மூன்று பக்கம் நடந்தும் தொடங்கிய இடத்தை அடையாது, அறுகோணத்தின் பாதியை வரைந்து நிற்கும். அக்குழந்தையை எழுந்து தானே ஆமைபோல் நடந்து பார்க்கச் சொன்னால், நடப்பவன் திரும்புவது உட்கோணம் அன்று, வெளிக்கோணமாகிய 120 பாகையே என்பதை அதன் கால்களே அதற்கு உணர்த்தும். 1980-இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் நூலில் பாப்பர்ட் வற்புறுத்திய பொருள்களுள் ஒன்று இது: நிரலில் நேரும் பிழை தண்டனைக்குரிய குற்றமன்று, ஆராய்ச்சிக்குரிய பொருள்.

லோகோவின் வழித்தோன்றலாக, மிச்சல் ரெஸ்னிக் என்பவரின் தலைமையில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தார் 2007-இல் வெளியிட்டது ஸ்கிராட்ச் என்பது. இது 8 முதல் 16 வயதுவரை உள்ளார்க்கென அமைந்தது, விலையின்றிக் கிடைப்பது, இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் கணிப்பொறியிற் பதித்துக்கொண்டு பயிலத்தக்கது. திறந்தவுடன் பூனை ஒன்று திரையில் நிற்கும். கட்டளைகள் எழுத்துக்களாகத் தட்டப்படுவன அல்ல. வண்ணக் கட்டைகளாக உள்ளன. அவற்றை மௌசினால் இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தவேண்டும். பொருந்தத் தகாத கட்டைகள் பொருந்தா. ஆதலின் எழுத்துப் பிழையும் குறியீட்டுப் பிழையும் குழந்தையை வருத்தா. எஞ்சி நிற்பது கருத்துப் பிழை ஒன்றே. கல்வி நிகழ்வது அதனைத் திருத்தும் இடத்திலேதான்.

பழகுவதற்கென்று பிறந்த ஆட்டம்

முதன்முதல் எவ்விளையாட்டை இயற்றுவது? பந்தும் மட்டையுமே போதும் என்பது நம் துணிபு. வீடியோ விளையாட்டுக்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1972-இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்னும் இருவர் கலிபோர்னியாவில் அட்டாரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ரால்ஃப் பேர் என்பார் வகுத்த ஒடிஸி என்னும் வீட்டுக் கருவியில் மேசைப் பந்தாட்டம் ஆடப்படுவதைக் கண்டிருந்த புஷ்னெல், புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்னும் இளம் பொறியாளருக்கு, கைபழகும் பொருட்டு, ஒரு பந்தும் இரு மட்டைகளும் ஓர் எண்ணிக்கையும் உடைய எளிய ஆட்டம் ஒன்றைச் செய்யும்படி கூறினார். அதுவே பின்பு உலகமெல்லாம் பெயர்பெற்ற பாங் என்பது. சன்னிவேல் என்னும் ஊரில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்ட அதன் முதல் யந்திரம் சில நாளில் நின்றுவிட, ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தாராம். காசு நிரம்பி வழிந்தமையே அதன் நோய்!

அவ்யந்திரத்தில் நிரல் என்பதே இல்லை. மின்சுற்றுக்களாலேயே அனைத்தும் இயன்றன. ஆயினும் அதிலிருந்து நாம் அறியத்தக்கன இரண்டுள. மட்டையை எட்டுப் பகுதியாகப் பிரித்து, பந்து படும் பகுதிக்கேற்ப அது திரும்பும் கோணமும் மாறும்படி ஆல்கார்ன் செய்தார். இச்சிறு விதியினாலேயே ஆட்டத்திற்குச் சுவை பிறந்தது. மேலும், மட்டைகள் திரையின் மேல்விளிம்பு வரை செல்லாத குறையொன்று அதில் நேர்ந்தது. அதனால் ஆட்டம் முடிவின்றி நீளாமை கண்டு, அக்குறையை அவர் அவ்வாறே விட்டுவிட்டார். விளையாட்டு என்பது விதிகளின் தொகுதி என்பதும், ஒரு விதியை மாற்றினால் ஆட்டமே மாறும் என்பதும் இவற்றால் விளங்கும்.

பந்தும் மட்டையும்

இனி, ஸ்கிராட்சில் இதனை ஒருவர் ஆடும் ஆட்டமாகக் குழந்தை இயற்றும் முறையைப் படிப்படியாகக் காண்போம். திரையின் அகலம் 480, உயரம் 360. நடுவிடம் சுழி. வலக்கோடி 240, இடக்கோடி மைனஸ் 240; மேற்கோடி 180, கீழ்க்கோடி மைனஸ் 180. கணக்கு வகுப்பில் உயிரற்றுக் கிடந்த குறை எண்கள் இங்கே பந்தின் முகவரியாக உயிர்பெறுகின்றன.

முதலாவது, பந்தை நகர்த்துதல். ‘10 அடி நகர்’ என்னும் கட்டையை இட்டுப் பச்சைக் கொடியை அழுத்தினால், பந்து ஒருமுறை அசைந்து நின்றுவிடும். குழந்தை வியந்து பார்க்கும். கணிப்பொறி சொன்னதை மட்டுமே செய்யும் என்னும் முதற்பாடம் இதுவே. ‘எப்போதும்’ என்னும் கட்டைக்குள் அதனை வைத்தபின் பந்து ஓடிப்போய் விளிம்பில் நிற்கும். ‘விளிம்பைத் தொட்டால் திரும்பு’ என்பதையும் சேர்த்தால், ஓய்வின்றி இடமும் வலமுமாக ஓடும். ஆனால் ஒரே கோட்டில் ஓடும்! ஏனெனின், தொடக்கத்தில் அதன் திசை எண் 90. அஃதாவது நேர் வலப்புறம். ஸ்கிராட்சில் மேல்நோக்கிய திசை 0, கீழ்நோக்கியது 180. திசையை 135 ஆக்கினால் பந்து சாய்வாகக் கீழிறங்கித் திரை முழுவதும் உலாவும்.

இரண்டாவது, மட்டை. அதன் உயரத்தை மைனஸ் 140 என நிறுத்திவிட்டு, அகலவாட்டில் மட்டும் மௌஸ் செல்லும் இடத்திற்குச் செல்க எனக் கட்டளையிட்டால், குழந்தையின் கை அசைய மட்டையும் அசையும். அப்பொழுது அதன் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி காணத்தக்கது.

மூன்றாவது, பந்து மட்டையிற் பட்டுத் திரும்புதல். இதனைத் தனியொரு கட்டளை வரிசையாக அமைப்பது நன்று. ‘மட்டையைத் தொட்டால், 180-இலிருந்து இப்போதைய திசையைக் கழித்து வருவதைப் புதிய திசையாகக் கொள்க’ என்பதே விதி. 135 என்னும் திசையிற் கீழ்வரும் பந்து 45 என்னும் திசையில் மேற்செல்லும். கண்ணாடியிற் பட்ட ஒளி மீளும் விதியும் இதுவேயன்றோ? கழித்தல் கணக்கு ஒன்று பந்தைத் திருப்புவதைக் கண்ட குழந்தை, கணக்கை அதன்பின் பழைய கண்ணால் நோக்குவதில்லை.

நான்காவது, தோல்வி. திரையின் அடியிற் சிவப்புப் பட்டை ஒன்று தீட்டி, பந்து அதனைத் தொட்டால் எல்லாம் நிற்க எனலாம். ஐந்தாவது, எண்ணிக்கை. ‘புள்ளி’ என ஒரு மாறியை ஏற்படுத்தி, மட்டை தொடுந்தோறும் 1 கூட்டவேண்டும். மாறி என்பதைப் பெயர் எழுதி ஒட்டிய டப்பா எனக் கூறினாற் போதும். உள்ளிருப்பது மாறும், பெயர் மாறாது. ஆட்டத்தை இரண்டாம் முறை தொடங்கும்போது பழைய புள்ளி அப்படியே நிற்கக் கண்டு குழந்தை திகைக்கும். தொடங்குமுன் டப்பாவைக் காலியாக்க வேண்டுமெனச் சொல்லாதிருந்தால், சிறிது நேரத்தில் அதுவே கண்டுகொள்ளும்.

ஒட்டிக்கொண்ட பந்து

இவ்வளவில் ஆட்டம் முடிந்ததெனக் கருதும் வேளையில், இதனை இயற்றுவோர் பலரும் எதிர்ப்படும் ஒரு விந்தை நிகழும். பந்து சிலபோது மட்டையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். புள்ளியோ கண்மூடித் திறப்பதற்குள் 30, 40 என ஏறிவிடும். இப்பழுதினிடத்தே நாம் செய்த பிழையொன்றை மறையாது கூறுதல் கடன்.

விடுமுறைப் பிற்பகல் ஒன்றில் நம்மிடம் இதனைப் பயின்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இது நேர்ந்தது. நேரம் ஆகிவிட்டதென்னும் அவசரத்தால், அவன் கையிலிருந்து மௌசை வாங்கி, ஒரு நிமிடத்திற் பழுதைத் திருத்திக் கொடுத்தோம். பந்து செவ்வையாக ஓடிற்று. அவனோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “சார், இனி நான் என்ன செய்ய வேண்டும்?” என்றான். அதுகாறும் எதையும் கேளாமல் தானே முயன்றுவந்த பிள்ளை, அன்று முழுவதும் ஒவ்வோர் அடிக்கும் நம் முகத்தையே பார்த்தான். ஆட்டத்தைத் திருத்தினோம், ஆக்கியவனைக் கெடுத்தோம். மறுவாரம் அவன் வரவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆயினும் அக்கேள்வி நம் செவியைவிட்டு நீங்கிற்றில்லை.

பின்பு ஒருநாள் அதே பழுது ஒரு சிறுமிக்கு நேர்ந்தது. புள்ளி ஏறுவது கண்டு அவள் கைகொட்டி ஆர்ப்பரித்தாள். நாம் கைகளை முதுகின்பின் கட்டிக்கொண்டு, “பந்து மட்டையில் எத்தனை முறை பட்டது? புள்ளி எத்தனை?” என்று மட்டும் கேட்டோம். அவள் முகம் சிறிது வாடிற்று. பொய்ப் புள்ளி என உணர்ந்துவிட்டாள். தரையிற் சாக்குக்கட்டியால் மட்டை அளவுக்கு ஒரு நீள்கட்டம் கீறி, அவளைப் பந்தாகவும், அவள் தோழியை நிரலாகவும் இருக்கச் செய்தோம். தோழி அடிக்கொருமுறை, “தொடுகின்றாயா? தொட்டால் திரும்பு!” என்பாள். மேலிருந்து வந்தபோது சிறுமி கட்டத்தின் ஓரத்தை மிதித்தவுடன் திரும்பி, அடுத்த அடியில் வெளியேறிவிட்டாள். பக்கவாட்டிலிருந்து கட்டத்தின் நடுவே நுழைந்தபோதோ, திரும்பி ஓரடி வைத்தும் கட்டத்துள்ளேயே நின்றாள். ஆகவே மறுபடியும் திரும்பினாள். மறுபடியும் உள்ளேயே நின்றாள். நாலைந்து முறை சுழன்றபின் நின்று, “இப்படித் திரும்பிக்கொண்டே இருந்தால் நான் எப்படி வெளியே போவேன்?” என்று நகைத்தாள்.

காரணம் அதுவே. கணிப்பொறி அக்கேள்வியை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை கேட்கின்றது. மட்டை பக்கவாட்டில் ஓடிவந்து பந்தை மூடிக்கொண்டால், பந்து வெளியேறுமுன் அடுத்த கேள்வி பிறந்துவிடுகின்றது. சிறுமி சற்றுநேரம் எண்ணியிருந்து, “ஒருமுறை திருப்பியவுடன் மட்டை கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளட்டுமே” என்றாள். கட்டைகளின் நடுவே தேடி, ‘காத்திரு’ என்பதைக் கண்டெடுத்து, 0.5 விநாடி எனக் குறித்து, திருப்பும் கட்டளைக்குக்கீழ்ப் பொருத்தினாள். பந்தை நகர்த்தும் வரிசை வேறாதலால், மட்டை கண்மூடிய அரை விநாடியிற் பந்து நெடுந்தூரம் சென்றுவிட்டது. அன்று அவள் பெற்ற புள்ளி 7. முன்பு வந்த 40-இலும் அதனையே பெரிதாக வீட்டிற் சொல்லியிருப்பாள் என நம்புகின்றோம். சிறுவனிடம் ஒரு நிமிடத்தில் முடிந்தது, இவளிடம் முப்பது நிமிடம் கொண்டது. அந்த முப்பது நிமிடமே பாடம். மற்றெல்லாம் அதற்கு முகவுரை.

பெரியோரும் இத்தகைய பழுதுகளோடு போராடியவரே என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுதல் நலம். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு மார்க் 2 என்னும் பெருங்கணிப்பொறி தவறக் கண்டு ஆராய்ந்தவர், அதனுள் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கிக் கிடக்கக் கண்டு, எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். யந்திரப் பழுதைப் பூச்சி எனக் கூறும் வழக்கு பொறியாளரிடையே அதற்கு முன்பே உண்டு. மெய்யாகவே பூச்சி அகப்பட்டதே அன்றைய வேடிக்கை. பழுதை மறைக்காது நாளிட்டு ஏட்டில் ஒட்டிய அவர்தம் மனப்பான்மையே நாம் குழந்தைகட்கு ஊட்டவேண்டுவது.

துணைநிற்பார்க்குச் சில

இவ்வனுபவத்தால் நாம் கற்றவற்றைத் தொகுத்துரைப்போம். ஒன்று, ஆட்டம் சிறிதாக இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் ஆடத்தக்க நிலைக்கு வருதல் வேண்டும். இரண்டு, மௌஸ் குழந்தையின் கையைவிட்டு நீங்கலாகாது. திரையைச் சுட்டிக் காட்டலாம், தொடலாகாது. மூன்று, விடை கூறற்க, வினா எழுப்புக. ‘என்ன நிகழவேண்டுமென நினைத்தாய்? என்ன நிகழ்ந்தது? இரண்டும் எங்கே பிரிகின்றன?’ என்னும் மூன்று வினாக்களே பெரும்பாலும் போதியன. நான்கு, திரையில் விளங்காததைத் தரையில் நடந்து பார்க்கச் செய்க. ஐந்து, முடிந்த ஆட்டத்தை மற்றொரு குழந்தை ஆடுக. ஆக்கியவன் நினையாத குறைகளை அக்குழந்தை நொடியிற் காட்டும். ஆறு, ஒரு விதியை மாற்றும்படி தூண்டுக. ஐந்து புள்ளிக்கொருமுறை வேகம் கூடட்டும், மட்டை குறுகட்டும், பந்து இரண்டாகட்டும். ஒரே வகுப்பில் பத்துக் குழந்தைகள் பத்து வேறு ஆட்டம் ஆக்கினால், பாடம் வென்றதென அறிக.

தடையும் விடையும்

‘விளையாட்டைக் கொண்டு கற்பித்தால் படிப்பில் கருத்துச் செல்லாதே’ என்பார் உளர். ஆடுவதற்கும் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நோக்குவாராக. ஆக்குகின்ற குழந்தை திசையையும் கோணத்தையும் குறை எண்ணையும் மாறியையும் நிபந்தனையையும் ஒருங்கே ஆள்கின்றது. மற்றுஞ் சிலர், ‘செயற்கை அறிவு யந்திரங்களே கேட்ட நொடியில் நிரல் எழுதித் தருகின்றனவே, குழந்தைகள் ஏன் வருந்தவேண்டும்?’ என்பர். அவ்யந்திரங்கள் எழுதுவன பல வேளையிற் செவ்வையாகவும் சில வேளையிற் பிழையாகவும் உள்ளன. பொய்ப் புள்ளியை மெய்ப் புள்ளியினின்றும் பிரித்தறியும் கண் உடையார்க்கே அவை ஏவலாளர்; அக்கண் இல்லாதார்க்கு எசமானர். எல்லாக் குழந்தைகளும் நிரல் எழுதும் தொழிலுக்கே செல்லவேண்டுமென்பதும் நம் கருத்தன்று. பைத்தன் முதலிய மொழிகளுக்குச் செல்ல விரும்புவோர் இப்படியிலிருந்து எளிதில் ஏறுவர். விரும்பாதவரும், தாம் நினைத்ததற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேற்றுமையைப் பொறுமையுடன் ஆராயும் பழக்கத்தை எத்தொழிலுக்கும் கொண்டுசெல்வர்.

கல்லூரி மாணவ நண்பர்களே! பழைய மாணவர்களாகிய அன்பர்களே! உங்கள் தெருவிலும் உறவிலும் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் குழந்தைகள் பலர் இருப்பர். அவருள் ஒருவரையேனும் அழைத்து, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை அவர்க்கென ஒதுக்குங்கள். பழைய கணிப்பொறி ஒன்றும், சாக்குக்கட்டி ஒன்றும், மிகுந்த பொறுமையும் இருந்தாற் போதும். பந்து ஒட்டிக்கொள்ளும் வேளை வரும். உங்கள் கை மௌசை நோக்கித் தானாகவே நீளும். அப்பொழுது அதனை முதுகின்பின் கட்டிக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.